மன்னார் வளைகுடா: யாருக்கு வேலி, யாருக்கு வழி

மன்னார் வளைகுடாவில் தீவுகள் எத்தனை என்று கேட்டால் அரசு ஆவணங்கள் 21 என்று சொல்லும். படகெடுத்துப் போய் எண்ணினால் 19தான் தேறும். தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலாங்குசல்லியும் கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. கடல்மட்டம் உயர்வதைப் பற்றி நாள்தோறும் படிக்கிறோம். இதற்கும் பருவநிலை மாற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பழி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து, காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். அரண் போனது, பின்னாலேயே மணலும் போனது.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை கரையோரமாக வரிசைகட்டி நிற்கும் இந்தத் தீவுகள், பாறைமேல் நிற்கும் நிலத்துண்டுகள் அல்ல. பவளச் சிதிலமும் மணலும் அலையால் ஒதுக்கப்பட்டு மேடாகி உருவானவை. தீவுக்கு முன்னால் பவளத்திட்டு இருந்தால் அலை அங்கேயே உடைந்து வேகம் தணிந்து கரையேறும். திட்டு இல்லையென்றால் அதே அலை நேராக வந்து மணலை அரிக்கும். திட்டைக் கட்டுபவை கடுகு போன்ற சிற்றுயிர்கள். தண்ணீரிலுள்ள சுண்ணத்தை எடுத்து ஓடு கட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைமுறை தலைமுறையாக வளர்கின்றன. கிளைவிடும் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நீளும். உருண்டைப் பவளமோ மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். ஒரு வள்ளம் ஒரு நாளில் ஏற்றிவந்த கல்லைத் திரும்பக் கட்ட அந்த உயிர்களுக்கு எத்தனை பத்தாண்டு ஆகும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1960களிலிருந்து இந்தத் தொழில் வெளிப்படையாகவே நடந்தது. தூத்துக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாசல்களுக்கும், கால்சியம் கார்பைடு தயாரிப்புக்கும், சாலை போடுவதற்கும், வீட்டுச் சுவருக்கும் பவளக்கல் போனது. இந்தப் பகுதியின் பழைய வீடுகள் சிலவற்றில் சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடத்தில், பூப்பூவாகத் துளையிட்ட கல் இன்றும் தெரியும். 1986இல் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. கல்லெடுப்பு நிற்கவில்லை. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அப்போதும் முழுதாக நிற்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005இல்தான் கடப்பாரை ஓய்ந்தது.

சுனாமியின்போது பவளத்திட்டுகளே தங்களைக் காத்தன என்று மீனவர்கள் நம்பினார்கள், அதனால் கல்லெடுப்பதை நிறுத்தினார்கள் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். பாதி உண்மை. அன்று இந்தக் கரைக்குப் பெரிய கேடயமாக நின்றது இலங்கை. அலை வந்த திசைக்கு மறுபுறத்தில், அந்தத் தீவின் மறைவில் கிடந்ததால்தான் வளைகுடாவின் இழப்பு நாகப்பட்டினத்தின் இழப்பை நெருங்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை வேலை செய்தது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்லை வாங்கியவருக்கு மாற்று இருந்தது. தமிழகத்தின் உள்மாவட்டங்களில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை, வீடு கட்டுபவருக்கோ சிமென்ட் வந்துவிட்டது. சட்டம், அச்சம், மாற்று ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் சேர்ந்தபோதுதான் ஒரு தொழில் செத்தது. வளைகுடாவைக் காக்கும் முயற்சிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க இந்த உரைகல்லே எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

இழந்ததைத் திரும்பக் கட்டுவதற்கு என்ன விலை என்பதை வான் தீவு காட்டுகிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள இத்தீவு, அரை நூற்றாண்டில் தன் நிலப்பரப்பில் பெரும்பகுதியைப் பறிகொடுத்து, இரண்டு துண்டாகப் போகும் நிலைக்கு வந்தது. 2015 இறுதியிலிருந்து அதன் கடல்பக்கத்தில் துளையிட்ட சிமென்ட் கூடுகளைச் சரிவக வடிவில் வார்த்து, வரிசை வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது, மணல் தங்கத் தொடங்கியது, கூடுகளில் மீன் சேர்ந்தது, பவளமும் ஒட்டியது. நல்ல முயற்சிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடிப்படையில் இது என்ன? காசு கொடுத்து வாங்கிய சிமென்டைக் கொண்டு, காசில்லாமல் கிடைத்த பவளக்கல்லின் வேலையைச் செய்விக்கிறோம். அந்தக் கல்லை விற்ற கூலிக்காரருக்கு அன்று கிடைத்த தொகை இன்றைய செலவில் ஒரு துளி.

பவளத்துக்கு வரும் அடுத்த அடி உள்ளூரில் பிறப்பதல்ல. கோடையில் நீரின் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவள உயிரி தன் உடலுக்குள் குடிவைத்திருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். உணவில் பெரும்பங்கை ஊட்டுவதும் நிறம் தருவதும் அந்தப் பாசிதான். அது போனதும் பவளம் வெளிறும். வெப்பம் விரைவில் இறங்கினால் மீளும், இல்லையேல் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் வெளிறல் நேர்ந்தது. 2016இல் மட்டும் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாக இறங்கியது. உலகம் சூடாவதை இராமநாதபுரத்து மீனவர் நிறுத்த முடியாது. ஆனால் சேறு படிந்த, கழிவு கலந்த, வலை கிழித்த திட்டு வெளிறினால் மீள்வது அரிது. மற்ற தொல்லைகள் இல்லாத திட்டுக்கு மீளும் வாய்ப்பு மிகுதி. நம் கையில் இருப்பது அந்த மற்ற தொல்லைகளைக் குறைப்பது மட்டுமே. அதை யாரிடமிருந்து தொடங்கினோம் என்பதில்தான் கோளாறு.

சின்னப்பாலம் போன்ற கரையோர ஊர்களில் பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். கண்ணில் முகக்கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் கட்டிய பை. மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். கூரான பவளம் விரலைக் கிழிக்கும், துணி அதற்குத்தான். ஒரு முறை மூழ்கினால் ஒரு பிடி கிடைக்கும். அப்படி மணிக்கணக்கில் மூழ்கி எடுத்ததைக் கரையில் உலர்த்தி வியாபாரியிடம் கொடுப்பார்கள். அகர் தயாரிக்கும் ஆலைக்கு அது போகும். நாம் சாப்பிடும் ஜெல்லியிலும், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் அதுவே இருக்கிறது.

பூங்கா அறிவிப்பு வந்ததும் இந்தப் பெண்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். தாயும் பாட்டியும் போய்வந்த தீவுக் கடலில் கால்வைத்தால் வனத்துறை பிடித்தது, பையைப் பறித்தது, அபராதம் போட்டது. பாசி எடுப்பதால் பவளத்துக்குக் கேடே இல்லை என்று நான் வாதிடவில்லை. இரும்புச் சுரண்டியால் சுரண்டினால் பாறையோடு பெயரும், ஓயாமல் எடுத்தால் பாசி மறுபடி தழைக்காது. அதை அந்தப் பெண்களே கண்டார்கள். 2006 வாக்கில் கூடிப் பேசித் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஆறாறு நாள். சுரண்டி கூடாது, கைதான். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. நாள்களைத் தேர்ந்ததில் அனுபவம் தெரிகிறது; அமாவாசை, பௌர்ணமியின்போதுதான் கடல் நன்றாக வற்றும், குறைந்த நேரத்தில் கூடுதலாகப் பறிக்கலாம். இவர்களுக்காகக் குரல்கொடுத்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று இவர்களைக் கடல் காப்பாளர்களாகக் கண்டுகொண்டது. பூங்கா நிர்வாகத்தின் ஏட்டில் இவர்கள் இன்னும் அப்படி ஏறவில்லை.

கடல் அட்டையின் கதை வேறு மாதிரி. 2001இல் அதைப் பிடிப்பதற்கு முழுத் தடை வந்தது. கடலடி மணலை விழுங்கி, அதிலிருக்கும் மட்கிய பொருளைச் செரித்து, தூய மணலாக வெளியே தள்ளும் உயிர் அது; வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலடிக்கு அட்டை அப்படி. அது குறைந்துபோனதும் உண்மை. ஆனால் சங்கும் அட்டையும் குளித்துப் பிழைத்தவர்களுக்கு மாற்று எதுவும் தரப்படவில்லை. அக்கரையில் இலங்கையிலோ அட்டை பிடிக்க உரிமம் தருகிறார்கள், ஏற்றுமதியும் செய்கிறார்கள். ஆக, இந்தப் பக்கம் பிடித்த அட்டை இரவோடு இரவாக எல்லை தாண்டினால் சரக்காகிவிடுகிறது. கடலோரக் காவல் குழுமம் மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்யும் செய்தி அடிக்கடி வருகிறது. வாங்குபவர் இருக்கிறார், மாற்று இல்லை, அச்சம் மட்டும் இருக்கிறது. மேலே சொன்ன உரைகல்லில் தேய்த்தால் இந்தத் தடை ஏன் தோற்கிறது என்பது விளங்கும். பருவம், அளவு, உரிமம் என்று வரையறுத்து, பிடிப்பவரையே கணக்குக் காட்டவைக்கும் வழியை ஒருமுறையாவது சோதித்துப் பார்த்திருக்கலாம்.

இனி பெரியதற்கு வருவோம். பாசி எடுப்பவர் கையால் எடுக்கிறார், அட்டை எடுப்பவரும் கையால்தான். கடலடியை அடியோடு வாரிச் சுரண்டுவது இழுவை மடி. விசைப்படகின் பின்னால் இரண்டு கனத்த பலகைகள் தரையில் உரசிக்கொண்டே வரும். அவை மடியின் வாயை விரித்துப் பிடிக்கும். வாயின் கீழ்விளிம்பில் சங்கிலியும் ஈயமும். தரையில் ஒளிந்திருக்கும் இறாலைக் கிளப்பத்தான் இந்த ஏற்பாடு. இறால் கிளம்பும்போது கடற்புல், குஞ்சுகள், நண்டு, நட்சத்திரமீன், பஞ்சுயிர் எல்லாம் சேர்ந்து கிளம்பும். மடியை மேலே இழுத்துத் தட்டில் கொட்டிப் பிரிக்கும்போது, விலைபோகும் இறால் ஒரு கூடையில் அடங்கிவிடும். மிச்சத்தை இராமேசுவரத்தில் சங்காயம் என்பார்கள். உணவுக்காகாத அந்தக் குவியல் உலர்ந்து கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதில் கணிசமான பங்கு, ஓர் ஆண்டு விட்டிருந்தால் சந்தைக்கு வந்திருக்கக்கூடிய மீனின் குஞ்சு.

இந்த மடி நம் கடலில் தானாக முளைக்கவில்லை. 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம் விசைப்படகுகளையும் இழுவை மடியையும் பரப்பியது, மண்டபத்திலும் அதற்கு ஒரு நிலையம் இருந்தது. இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விலை ஏறியது. அரசு மானியமும் வங்கிக் கடனும் கொடுத்துப் படகு கட்டச் சொன்னது. அன்று அதற்குப் பெயர் நீலப்புரட்சி. மீனவர்தான் பேராசையால் கடலை அழித்தார் என்று இன்று பேசுபவர்கள் இந்த வரலாற்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வளைகுடாவுக்கு வடக்கே, இராமேசுவரத்தின் மறுபுறம் கிடக்கும் பாக் விரிகுடாவின் கணக்கு எளிமையானது. பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு உரியது என்கிறது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். இராமேசுவரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல் மைலில் 1974ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு வந்துவிடுகிறது. இடையில் எஞ்சும் பட்டையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் மடி இழுக்க வேண்டும். இடம் போதாது, மீனும் போதாது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பங்குபோட்டுத்தான் சமாளிக்கிறார்கள். அப்படியும் போதாமல் கோட்டைத் தாண்டுகிறார்கள். ஈழப்போர்க் காலத்தில் இலங்கையின் வடபகுதி மீனவர்கள் கடலில் இறங்க முடியாதபோது அந்தப் பக்கம் மீன் மிகுந்திருந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு அவர்கள் வலையெடுத்து வந்தபோது, தங்கள் கடலில் தமிழகத்து மடிகள் ஓடுவதையும் அவை தங்கள் வலைகளை அறுத்துப் போவதையும் கண்டார்கள். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியையே சட்டத்தால் தடைசெய்தது. அதற்கு முன்னின்று தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் யாழ்ப்பாண மாவட்டத் தமிழ் உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் என்பதை இக்கரையில் அதிகம் பேசுவதில்லை. கைது, படகுப் பறிமுதல், துப்பாக்கிச்சூடு ஆகியவை நம் செய்திகளில் அரசியலாகவே வருகின்றன. அவற்றின் அடியில் கிடப்பது வெறுமையாகிப்போன ஒரு கடலடி.

தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம், 2017 முதல் 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டப்பட்டிருக்கும். இனப்பெருக்கத்துக்கு இது ஓரளவு உதவுகிறது, மறுக்க முடியாது. ஆனால் தடை நீங்கிய முதல் வாரத்தில், இரண்டு மாதம் பிழைத்த குஞ்சுகளை அதே மடி வாரிக்கொண்டு போகிறது. படகின் எண்ணிக்கையும் குறைவதில்லை, மடியின் தன்மையும் மாறுவதில்லை. மத்திய மாநில அரசுகள் 2017இல் இன்னொரு திட்டத்தை அறிவித்தன. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டில் ஒழித்து, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகளாக மாற்றுவது என்பதே அது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய்; மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, மீதியை உரிமையாளரும் வங்கிக் கடனும். காலக்கெடு கடந்து பல ஆண்டுகள் ஆகியும் இலக்கின் சிறு பகுதியைக்கூட எட்டவில்லை. காரணம் புதிரல்ல. காலையில் போய் மறுநாள் திரும்பும் தொழிலுக்குப் பழகியவரை, வாரக்கணக்கில் வங்கக் கடலில் கிடக்கச் சொல்கிறோம். டீசல் செலவும் கடன் தவணையும் அவர் தலையில். பயிற்சிக்கும், பிடித்த சூரையைக் குளிரில் வைத்து விற்பதற்கும் ஏற்பாடு போதவில்லை. மாற்று என்று பெயரளவில் ஒன்று இருந்தால் போதாது, அது பிழைப்பாகவும் இருக்க வேண்டும்.

இதற்கிடையே 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. மீனவர் மொழியில் ஆவுளியா. வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 40 கிலோ அளவுக்குக் கடற்புல் மேயும். ஒரு குட்டி ஈன்றால் அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. அப்படிப்பட்ட உயிரை வேட்டைத் தடையால் மட்டும் காக்க முடியாது, மேய்ச்சல் நிலம் வேண்டும். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுக்கிறது, வரவேற்கத்தக்க மாற்றம். 2001இன் அட்டைத் தடையில் இல்லாத புத்தி இதில் இருக்கிறது. ஆனால் அந்தப் புல்வெளியை உழுதுபோகும் மடி நிற்காவிட்டால் வெகுமதிக்கு வேலை இருக்காது.

மாற்றுத் தொழில் என்ற பெயரில் வந்த ஒரு பாசியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கப்பாபைகஸ் என்னும் செம்பாசி நம் கடலுக்கு உரியது அல்ல. உணவுத் தொழிலுக்கு வேண்டிய காரஜீனன் அதிலிருந்து கிடைப்பதால், 1980களில் ஆய்வுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டது. பல பெண்களுக்கு அது வருமானம் தருகிறது. அதே பாசி 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். மிதவையிலிருந்து அறுந்த ஒரு துண்டு போதும், அது எங்கும் தழைக்கும். இப்போது பாசி வளர்ப்பை நாடளவில் பெருக்கத் திட்டமிடுகிறார்கள், இராமநாதபுரம் மாவட்டத்தில் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்காவும் வருகிறது. பெண்கள் கையால் பறித்த நாட்டுப் பாசிக்குத் தடை, பவளத்தை மூடும் அயல்பாசிக்கு மானியம் என்பது எனக்கு விளங்காத நியாயம். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்ற நாட்டுப் பாசிகளை வளர்க்கும் முறைகளுக்கு அந்தப் பணத்தில் பெரும்பங்கை ஒதுக்கலாம்.

ஆக, செய்ய வேண்டியது தெரியாத காரியமல்ல. பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே வகுத்த 12 நாள் ஒழுங்கைச் சட்டத்தின் பகுதியாக்கி, அவர்களுக்கு அடையாள அட்டையும் பூங்காவைக் கண்காணிக்கும் குழுவில் இடமும் கொடுக்க வேண்டும். அட்டைக்கு முழுத் தடைக்குப் பதில் வரையறுத்த உரிமம் வேண்டும், இலங்கையோடு பேசி இரு கரைக்கும் ஒரே பருவமாக அது இருந்தால் கடத்தலுக்கு இலாபம் போய்விடும். இழுவைப் படகை விட்டுவிட விரும்பும் உரிமையாளரிடமிருந்து அரசே நேராக விலைகொடுத்து வாங்கி உடைத்துவிட வேண்டும். ஆழ்கடலுக்குப் போ என்ற நிபந்தனை இல்லாமல். படகில் கூலிக்குப் போகும் தொழிலாளிக்குத் தனியாக இழப்பீடு வேண்டும், உரிமையாளரின் காசோலையில் அவர் பங்கு வந்துசேராது. செலவு பெரிதுதான். அன்று மடியைக் கொடுத்துக் கடலில் இறக்கிவிட்டதும் பொதுப்பணம்தான் என்பதால், கரையேற்றும் செலவையும் பொதுப்பணமே ஏற்பது முறை.

ஆண்டுத் தடைக்காலம் நீங்கலாக, இதுவரை வளைகுடாவில் வந்த ஒவ்வொரு தடையும் கையால் எடுத்தவரைத்தான் முதலில் தொட்டது. எந்திரத்தால் வாரியவருக்குக் காலக்கெடுவும் மானியமும் கிடைத்தன, அதுவும் முடியாமல் நிற்கிறது. இந்த வரிசையைத் திருப்பாத வரை, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15ஆம் நாள் கிளம்பும் படகுகளில் ஒன்றும் குறையப்போவதில்லை.